பாலாடைக்குப் பொறுமை, கஞ்சிக்கு அவசரம்: நர்சிங் மாணவர்களும் நோயாளியின் வயதும்

பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஐந்தாம் செமஸ்டர் மாணவி ஒருத்தி பாலாடையில் (மூக்குள்ள சிறு ஊட்டுக் கிண்ணத்தில்) பால் ஊட்டுவதைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். குழந்தையின் எடை 1.6 கிலோ. தலையும் தோளும் உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்துப் பிடித்திருப்பாள். பாலாடையின் மூக்கை வாயோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சரிப்பாள். குழந்தை விழுங்கிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சொட்டு. 20 மில்லி இறங்க இருபது நிமிடம் ஆனாலும் யாரும் விரட்டமாட்டார்கள்.

அதே மாணவி மூன்றாம் செமஸ்டரில், ஆண்கள் மெடிக்கல் வார்டில், பக்கவாதம் வந்த 74 வயதுக்காரருக்குக் கஞ்சி கொடுத்திருப்பாள். தலைக்கு ஒரே ஒரு தலையணை. ஸ்பூன் நிறைய கஞ்சி. 200 மில்லி ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நடுவில் அவர் இரண்டு முறை இருமியிருப்பார். "தாத்தா, மெதுவா முழுங்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்பூனை நீட்டியிருப்பாள். ஒருபக்கம் செயலிழந்த தொண்டைக்கும் குறைமாதக் குழந்தையின் தொண்டைக்கும் உள்ள ஆபத்து ஒன்றேதான்: உணவு நுரையீரலுக்குள் போவது. இரண்டுக்கும் பாதுகாப்பும் ஏறக்குறைய ஒன்றே: நிமிர்ந்த நிலை, சிறு அளவு, விழுங்கியதை உறுதிசெய்து காத்திருத்தல். பெரியவர் விஷயத்தில் கூடுதலாக நான்கு வேலைகள் உண்டு. முழுதாக விழித்திருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். தாடையைச் சற்றுத் தாழ்த்தி, பாதிக்கப்படாத பக்கத்தில் அரை ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். கன்னத்துக்குள் உணவு தேங்கி நிற்கிறதா என்று வாயைத் திறந்து பார்க்க வேண்டும். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே உட்காரவைக்க வேண்டும்.

இந்த மாணவிக்குக் குழந்தைகள் மேல் பாசம், முதியவர்கள் மேல் வெறுப்பு என்று முடிவுகட்டினால் விஷயம் பிடிபடாது. கேட்டால், தாத்தா பாட்டி என்றால் உயிர் என்பாள். அது பொய்யும் இல்லை. குழந்தைகள் பிரிவு அவளுக்கு ஒரு திறமையாகச் சொல்லித்தரப்பட்டது. முதியவரோ முடிக்க வேண்டிய வேலையாகக் கையில் கொடுக்கப்பட்டார். வயதுக் குழுக்கள் பற்றிய மனப்பான்மை நர்சிங் மாணவர்களிடம் எப்படி உருவாகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

யாரை எப்போது சந்திக்கிறார்கள்

இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் மாற்றியமைத்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் நான்கு ஆண்டு, எட்டு செமஸ்டர். குறைந்தபட்ச வயது 17. முதல் இரண்டு செமஸ்டரில் நர்சிங் ஃபவுண்டேஷன்: படுக்கை விரிப்பது, பெட் பாத் (படுக்கையிலேயே உடல் துடைத்துவிடுவது), பேக் கேர் (முதுகுப் பராமரிப்பு), பெட்பான் (படுக்கையில் மலசலம் கழிக்கவைக்கும் பாத்திரம்), வைட்டல்ஸ் (நாடி, இரத்த அழுத்தம், வெப்பநிலை போன்றவை). மூன்றிலும் நான்கிலும் அடல்ட் ஹெல்த் நர்சிங். முதியோர் பராமரிப்பு நான்காம் செமஸ்டரில், காது மூக்கு தொண்டை, கண், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய் எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு யூனிட்டாக வருகிறது. குழந்தைகள் நலமோ ஐந்து, ஆறு என இரண்டு செமஸ்டரில் தனிப் பாடம். பச்சிளங்குழந்தைப் பராமரிப்புக்கும் குழந்தைப் பருவ நோய்களுக்கும் தனிப் பயிற்சித் தொகுப்புகளும் அதோடு உண்டு.

இதன் விளைவை யோசியுங்கள். பதினேழரை வயதில், பள்ளிச் சீருடை கழற்றி ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், ஒரு பெண் முதன்முதலில் தொடும் நோயாளி யார்? பெட் பாத் தேவைப்படுகிறவர் யாரோ அவர்தான். நடமாடும் நோயாளிக்குப் பெட் பாத் தேவையில்லை. குழந்தையை அம்மா குளிப்பாட்டிவிடுவார். ஆக முதல் போஸ்டிங்கில் (வார்டுப் பயிற்சியில்) கையில் கிடைப்பவர் படுத்த படுக்கையான முதியவர். மலம் துடைப்பது, பெட்சோருக்கு (படுக்கைப் புண்ணுக்கு) டிரெஸ்ஸிங் செய்வது, வாய் சுத்தம் செய்வது என உடல் கூசும் வேலைகள் எல்லாம் ஒரே வயதின் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்த வயதில் வேறு எவ்வகை மனிதரையும் வார்டில் அவள் பார்ப்பதில்லை. காலையில் நடைப்பயிற்சி போய்விட்டு, தானே சர்க்கரை பரிசோதித்து, தானே இன்சுலின் போட்டுக்கொள்கிற 72 வயதுக்காரர் வார்டுக்கு வரமாட்டார்; புறநோயாளிப் பிரிவோடு போய்விடுவார். மாணவியின் கணக்கில் முதுமை என்றால் படுக்கை.

குழந்தைகள் வார்டுக்கு வரும்போது அவளுக்கு வயது 19, 20. ஊசி போடத் தெரியும், டோஸ் கணக்குப் போடத் தெரியும், பயம் கொஞ்சம் தெளிந்திருக்கும். அந்த வார்டில் சுவரில் படம் இருக்கும், டியூட்டர் கூடவே நிற்பார், ஒவ்வொரு மருந்தையும் இன்னொருவர் சரிபார்ப்பார். குழந்தை குணமாகி வீட்டுக்குப் போகும். கல்லூரி முடித்த பிறகு எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால் குழந்தைகள் பிரிவு, பிரசவ அறை, ஐசியு, ஆபரேஷன் தியேட்டர் என்று கை தூக்குவதும், முதியோர் பிரிவுக்குக் கை ஏறாததும் இதன் தொடர்ச்சிதான். மேற்படிப்பும் அதையே உறுதிசெய்கிறது. எம்.எஸ்சி. நர்சிங்கின் ஐந்து பெரும் பிரிவுகளில் மெடிக்கல் சர்ஜிகல், குழந்தை நலம், மகப்பேறு, சமுதாய நலம், மனநலம் உண்டு; முதியோர் நலம் இல்லை.

முதியவர்கள் இல்லாமல் இல்லை. மக்கள்தொகை மதிப்பீட்டின்படி 2021இல் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 13.6 சதவீதம், இந்தியாவில் கேரளத்துக்கு (16.5) அடுத்தபடி நாம்தான். முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவை இந்தியாவில் முன்னின்று தொடங்கியதும் சென்னைதான்: அரசு பொது மருத்துவமனையில் 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் நடத்திய புறநோயாளிப் பிரிவு அதன் தொடக்கம். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோர் நல மையமும் திறக்கப்பட்டது. ஜெர்மன் மொழி கற்று ஐரோப்பாவுக்குப் போகத் தயாராகும் மாணவிகளுக்கு இன்னொரு செய்தி: அங்கே அவர்களுக்கு வரப்போகிற நோயாளிகளில் பெரும்பங்கு 70, 80 வயதுக்காரர்கள்தான்.

எடை எழுதாத கேஸ் ஷீட்

மனப்பான்மையை அளக்கக் கேள்வித்தாள் எதுவும் இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். குழந்தைகள் வார்டில் பத்து கேஸ் ஷீட் (நோயாளியின் குறிப்புத் தாள்), மெடிக்கல் வார்டில் 65 வயதைத் தாண்டியவர்களுடையது பத்து. எடை எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். குழந்தைகளில் பத்துக்குப் பத்தும் இருக்கும், கிராம் கணக்கில். பாரசிட்டமாலே கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று எடையை வைத்துத்தானே கொடுக்கிறார்கள்! முதியவர்களின் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது 'படுக்கை நோயாளி' என்று எழுதியிருக்கும். 38 கிலோ மூதாட்டிக்கும் 80 கிலோ இளைஞனுக்கும் 'அடல்ட் டோஸ்' ஒன்றே. சிறுநீரகம் வயதோடு வேகம் குறைகிறது, இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் மருந்து வெளியேறும் வேகம் பாதியாக இருக்கலாம், அதைக் கணக்கிடும் சூத்திரத்துக்கு எடை வேண்டும் என்பதெல்லாம் பாடத்தில் வந்ததுதான். எடை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

வலி விஷயத்தில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். பேச முடியாத குழந்தைக்கு 'ஃப்ளாக்' அளவுகோல்: முகம், கால், அசைவு, அழுகை, சமாதானம் ஆகிறதா என்று ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 10. இரண்டு மாதம் முதல் ஏழு வயது வரை செல்லும். குழந்தைகள் போஸ்டிங் முடித்த எந்த மாணவியும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மறதி நோயால் பேச்சை இழந்த முதியவருக்கும் அச்சு அசலாக அப்படியொன்று உண்டு, பெயர் 'பெய்னாட்': மூச்சு, முனகல், முகம், உடல்மொழி, சமாதானம் ஆகிறதா. அங்கும் ஐந்து அம்சம், 0 முதல் 2, மொத்தம் 10. இதைப் போட்டுப் பார்த்த மாணவியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குழந்தை அழுதால் 'ஏன் அழுகிறது' என்று டயப்பர், வயிறு, காது என்று வரிசையாகத் தேடுகிறார்கள். மூதாட்டி முனகினால் "அவங்க எப்பவும் இப்படித்தான் சிஸ்டர்" என்று பதில் வந்துவிடுகிறது. அந்த 'எப்பவும்' என்ற சொல்லுக்குப் பின்னால் இடுப்பெலும்பு முறிவு இருந்திருக்கிறது, அடைத்துக்கொண்ட சிறுநீர்க் குழாய் இருந்திருக்கிறது.

திடீர்க் குழப்பமும் அப்படியே. நேற்றுவரை பேரன் பெயர் சொன்னவர் இன்று காலை சிஸ்டரை 'மருமகளே' என்று கூப்பிட்டால், "வயசாயிடுச்சுல்ல" என்று சிரித்துக் கடந்துவிடுவார்கள். மணிக்கணக்கில் அல்லது ஓரிரு நாளில் தொடங்கியது, ஏறி இறங்குகிறது, கவனம் நிற்கவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் அது முதுமை இல்லை, டெலிரியம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய தூக்க மருந்து என்று காரணம் தேட வேண்டிய அவசரநிலை. வாரத்தின் கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொல்வது ஒரு நிமிட வேலை. கவனம் நிற்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். காய்ச்சலும் ஏமாற்றும். முதியவரின் வழக்கமான வெப்பநிலையே குறைவாக இருப்பதால், 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலோ, அவருடைய வழக்கமான அளவைவிட 2 டிகிரி கூடினாலோ சொல்லியாக வேண்டும். 101 வந்தால்தான் காய்ச்சல் என்று காத்திருக்கும் மாணவி, குழந்தைக்கு 99.8 இருந்தாலே டியூட்டரிடம் ஓடுகிறாள்.

'நீ'யும் 'நீங்க'ளும்

ஆங்கிலத்தில் இதை ஆராய்கிறவர்கள் குரலின் ஏற்ற இறக்கத்தையும் செல்லப் பெயர்களையும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் அவ்வளவு தூரம் போக வேண்டாம், வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். "கையை நீட்டுங்க", "கையை நீட்டு". நாற்பது வயது நோயாளியிடம் 'நீட்டுங்க' என்கிற மாணவி, எழுபது வயதுக்காரரிடம் 'நீட்டு தாத்தா' என்கிறாள். எழுபதைத் தாண்டியதும் மரியாதை விகுதி கழன்றுவிடுகிறது. வீட்டில் சொந்தப் பாட்டியை 'நீ' என்று கூப்பிடுகிற உரிமை வார்டுக்குள் வந்துவிட்டது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். வீட்டுப் பாட்டி அந்த 'நீ'யைத் தானே கொடுத்தவர். வார்டில் படுத்திருப்பவர் கொடுக்கவில்லை.

உறவுச் சொல்லும் கவனிக்க வேண்டியது. 58 வயது சத்துணவு அமைப்பாளரை 'பாட்டி' என்றதும் அவர் முகம் மாறுவதை எத்தனையோ முறை பார்க்கலாம். 'அம்மா', 'அய்யா' என்பவை எந்த வயதுக்கும் பழுதில்லாமல் பொருந்துகின்றன. இன்னும் நல்லது, அட்மிஷன் போடும்போதே "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டு கேர் பிளானில் (பராமரிப்புத் திட்டத் தாளில்) எழுதிவிடுவது. கிராமப்புற வார்டுகளில் ஊர்ப் பெயரோடு 'உசிலம்பட்டி அய்யா' என்று அழைப்பதும் உண்டு, அதைப் பெரும்பாலானோர் விரும்பவே செய்கிறார்கள். 'பதினொண்ணாம் பெட்' என்பதை யாரும் விரும்புவதில்லை.

குழந்தையிடம் பேசுவது போல முதியவரிடம் பேசுவதற்கு நேரடி விலையும் உண்டு. மறதி நோய் உள்ளவர்களைக் குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது நடந்த உரையாடல்களை வீடியோவில் பதிந்து, கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழுவினர் 2009இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. செல்லம் கொஞ்சும் மழலைத் தொனியில் பேசியபோது நோயாளிகள் எதிர்ப்புக் காட்டும் வாய்ப்பு, சாதாரணமாகப் பேசியபோது இருந்ததைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கையைத் தட்டிவிடுகிறார், கத்துகிறார், வாயை இறுக்கிக்கொள்கிறார் என்றால் நோய் மட்டும் காரணமில்லை.

கத்திப் பேசுவதும் உதவாது. வயதால் வரும் காது மந்தத்தில் முதலில் போவது உச்ச ஒலிகள். மெல்லிய குரல் கொண்ட பெண்பிள்ளை கத்தும்போது சுருதி இன்னும் ஏறுகிறது, அவருக்கு இன்னும் குறைவாகக் கேட்கிறது. முகத்துக்கு நேராக, வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி நின்று, குரலைத் தாழ்த்தி, வாக்கியத்தைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். முகக்கவசம் போட்டிருந்தால் உதடு தெரியாது. ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுவது வேலையை முடிக்கும்.

நடுவில் இருப்பவர்கள்

இதுபற்றிய ஆய்வுகள் முதியோரிலேயே தொடங்கி முதியோரிலேயே முடிந்துவிடுகின்றன. மற்ற வயதுகளிலும் மாணவர்களுக்குக் கோணல் உண்டு.

வளரிளம் பருவத்தினர் யாருக்கும் சொந்தமில்லாதவர்கள். பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டு 12 வயதோடு முடிகிறது. 13 வயதுப் பையன் ஆண்கள் வார்டில், குடியால் ஈரல் கெட்டவருக்கும் வென்டிலேட்டருக்குக் காத்திருப்பவருக்கும் நடுவில் கிடப்பான். அவனுக்கும் மாணவிக்கும் ஐந்து, ஆறு வயதுதான் வித்தியாசம். இருவருக்கும் கூச்சம். சிறுநீர் போனாயா என்று கேட்கக்கூட அம்மாவைத்தான் கேட்பாள். 17 வயதுப் பெண் கர்ப்பமாக வந்தால் கூச்சம் போய்த் தீர்ப்பு வந்துவிடுகிறது: நோய் வரலாறு கேட்டு எழுதும் நோட்டில் கேள்விகள் குறைகின்றன, ஓய்வறையில் பேச்சு கூடுகிறது. 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும்) சட்டப்படி தகவல் தெரிவித்தாக வேண்டும் என்ற பாடம் மட்டும் நினைவிருக்கும். அந்தப் பெண்ணுக்கும் இரத்தச்சோகையும் இரத்த அழுத்தமும் மற்றவர்களைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது நினைவிருக்காது. தற்கொலை முயற்சியில் வரும் தன் வயதுக்காரர்களிடம் மாணவர்கள் காட்டுகிற கோபம் பல நேரம் பயத்தின் மறுபக்கம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. வார்டுப் பேச்சு இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை.

நடுத்தர வயது ஆண்களில் குடிநோயாளிகள் கதை தனி. 'தண்ணி கேஸ்' என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரம் முதல் ஒரு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை தொடங்கும். இரண்டு மூன்று நாளில் ஆபத்தான குழப்பநிலை வரும். அப்போது கட்டிலில் கட்டிப்போடப்படுகிறவரை 'கலாட்டா பண்றார்' என்று எழுதிவைக்கிற கை, நாடித்துடிப்பை எழுத மறந்துவிடுகிறது. இது வயதின் மேல் உள்ள வெறுப்பா, குடியின் மேல் உள்ளதா என்று பிரிப்பது கடினம். இருந்தாலும், குடிக்கிற 70 வயதுக்காரரிடம் 'குடிக்கிறீங்களா' என்று யாரும் கேட்பதே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வயதானவர் குடிக்கமாட்டார் என்ற நல்லெண்ணத்தால் அவருடைய கைநடுக்கம் பார்க்கின்சன் கணக்கில் போய்விடுகிறது. மரியாதையும் தவறான நோய்க் கணிப்பைத் தரும்.

அளவுகோல்களின் கோளாறு

வயதுப் பாகுபாட்டுக்கு ஆங்கிலத்தில் 'ஏஜிசம்' என்ற சொல்லை 1969இல் ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் உருவாக்கினார். காரணம் மருத்துவமனை இல்லை. வாஷிங்டனை ஒட்டிய செவி சேஸ் பகுதியில் முதியோருக்கு ஓர் அடுக்குமாடியை ஒதுக்க இருந்ததை அக்கம்பக்கத்தார் எதிர்த்ததுதான். அதற்கு முன்பே, 1961இல், முதியோர் மேலான மனப்பான்மையை அளக்க நேதன் கோகன் ஒரு அளவுகோல் அமைத்திருந்தார். நம் ஊர் நர்சிங் கல்லூரி ஆய்வேடுகளிலும் அது அடிக்கடி எட்டிப்பார்க்கும். 34 வாக்கியங்கள்: 17 சாதகம், 17 பாதகம், ஒன்றுக்கொன்று எதிரிணை. எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போடும் பழக்கம் உள்ளவரை அந்த எதிரிணைகள் காட்டிக்கொடுக்கும். அது நல்ல வடிவமைப்பு.

பயன்படுத்துவதில்தான் சிக்கல். மூலத்தில் ஒரு வாக்கியத்துக்கு 1 முதல் 7. பதில் எழுதாததற்கு 4. அப்படியானால் மொத்தம் 34 முதல் 238, நடுப்புள்ளி 136. சிலர் ஆறு படியாகச் சுருக்குகிறார்கள்: 34 முதல் 204, நடுப்புள்ளி 119. சிலர் ஐந்து படி: 34 முதல் 170, நடுப்புள்ளி 102. இப்போது ஓர் ஆய்வில் சராசரி 120 என்று வந்தால் என்ன பொருள்? கூடுதல் எண் நல்லது என்று வைத்துக்கொண்டால், முதல் முறையில் அது பாதகப் பக்கம், இரண்டாவதில் கிட்டத்தட்ட நடுவில், மூன்றாவதில் நல்ல சாதகம். போதாக்குறைக்குச் சிலர் கூடுதல் எண்ணைப் பாதகம் என்று வைத்திருப்பார்கள். முறையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் எடுத்து ஒப்பிடும் ஆய்வேடு காகிதச் செலவுதான்.

மொழிபெயர்ப்பு இன்னொரு குழி. முதியவர்கள் தங்கள் வயதுக்காரர்களோடு தனிக் குடியிருப்புகளில் வாழ்வது நல்லது என்ற பொருளில் ஒரு வாக்கியம் அதில் உண்டு. அமெரிக்க வாசகருக்கு அது வீட்டு ஏற்பாடு பற்றிய கேள்வி. தமிழில் வாசிக்கிற மாணவிக்கு 'முதியோர் இல்லம்' என்று கேட்கிறது. பெற்றோரைக் கொண்டுபோய் விடுகிற பாவம் கண்முன் வருகிறது. எல்லோரும் 'கடுமையாக மறுக்கிறேன்' போடுகிறார்கள், மதிப்பெண் ஏறுகிறது. ஊர் வாய்க்குப் பயப்படுகிற அளவைத்தான் அது அளந்திருக்கிறது. 'முதியவர்கள்' என்று மொழிபெயர்த்தால் ஒரு விடை, 'வயசானவங்க' என்றால் இன்னொரு விடை என்பதையும் மறக்க வேண்டாம்.

1977இல் எர்ட்மன் பால்மோர் வெளியிட்ட 25 சரி-தவறு கேள்விகள் முதுமை பற்றிய அறிவை அளப்பவை. அதில் ஒரு வேடிக்கை: ஒற்றைப்படை எண்கள் எல்லாம் தவறு, இரட்டைப்படை எல்லாம் சரி. விவரமான மாணவி ஐந்தாம் கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடுவாள். வரிசையைக் கலைத்துப் போடாவிட்டால் பயனில்லை. அமெரிக்க மக்கள்தொகையில் 65 வயதைத் தாண்டியவர்கள் 15 சதவீதத்துக்கு மேல் என்ற வாக்கியம் அப்போது தவறு. இப்போது அதுவே சரியாகிவிட்டது. அதை அப்படியே திருப்பூரிலோ திருநெல்வேலியிலோ கொடுத்து 'அறிவு போதவில்லை' என்று முடிவெழுதுவது அநியாயம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு, வழக்கமான ஆய்வு வடிவத்தில் இருக்கிறது. ஒரே குழு, முதல் நாள் கேள்வித்தாள், ஒரு மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் அதே கேள்வித்தாள், மதிப்பெண் கூடியது, வகுப்பு பயன் தந்தது. இன்டர்னல் மார்க் போடுகிற ஆசிரியரே கேள்வித்தாளையும் கொடுத்தால், முதியவர்களைப் பிடிக்கவில்லை என்று எழுதும் தைரியம் எந்த மாணவிக்கு வரும்? ஒப்பீட்டுக் குழு வேண்டும், பெயரில்லாத தாள் வேண்டும், வெளியாள் ஒருவர் வாங்க வேண்டும், மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

வீட்டில் தாத்தா பாட்டியோடு வளர்ந்த மாணவர்களுக்கு மனப்பான்மை நன்றாக இருக்குமா என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்கிறார்கள். ஆய்வுகளில் ஒரே மாதிரி விடை வருவதில்லை. கூட இருந்தார்களா என்பது போதாது. அந்தப் பாட்டி வீட்டில் என்னவாக இருந்தார், கணக்கு வழக்கைக் கையில் வைத்திருந்தவரா, பின்கட்டில் ஒதுக்கப்பட்டிருந்தவரா என்பதைச் சேர்த்துக் கேட்டால்தான் ஏதாவது தெரியும்.

எதை மாற்றினால் மாறும்

வகுப்பறைப் பாடத்தைவிடப் போஸ்டிங் வரிசைக்கு வலு அதிகம். முதல் ஆண்டு மாணவி சந்திக்கும் முதல் முதியவர் நடமாடுகிறவராக இருக்கட்டும். சமுதாய நலப் போஸ்டிங்கின் ஒரு பகுதியை முன்னுக்குக் கொண்டுவந்து, வீட்டில் தன்பாட்டுக்கு வாழும் இரண்டு பேரை மாதம் ஒருமுறை என ஆறு மாதம் சந்திக்கவைக்கலாம். இரத்த அழுத்தம் பார்ப்பது, மாத்திரை டப்பாவைக் கொட்டி எது எதற்கு என்று அவரையே சொல்லவைப்பது என்று அவளுக்கு வேலை இருக்க வேண்டும். சும்மா பேசிவிட்டு வருவது இரண்டாம் முறையே அலுத்துவிடும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்களோடு போனால், நடமாடுகிறவரையும் படுக்கையில் இருப்பவரையும் ஒரே தெருவில் பார்த்துவிடலாம்.

முதுமையை உடுத்திப் பார்க்கும் பயிற்சி பல கல்லூரிகளில் நடக்கிறது. செலவில்லை: பழைய கண்ணாடியில் வாஸ்லின் பூசினால் கண்புரை, காதில் பஞ்சு, இரண்டு கையுறைகளுக்கு மேல் விரல்மூட்டுகளில் பிளாஸ்டர் சுற்றினால் மூட்டுவாதம், செருப்புக்குள் ஊறவைக்காத கொண்டைக்கடலை. இந்த வேஷத்தோடு மாத்திரை அட்டையைப் பிரிக்கச் சொல்லுங்கள், மருந்துச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள், இந்திய வகைக் கழிப்பறைவரை போய்வரச் சொல்லுங்கள். தவறு எங்கே நடக்கிறது என்றால், இருபது நிமிடம் தள்ளாடிச் சிரித்துவிட்டு முடிப்பதில். 'ஐயோ, வயதாவது இவ்வளவு கொடுமையா' என்ற பரிதாபத்தோடு மாணவி வெளியே வருகிறாள், பயம் கூடியிருக்கிறது. முப்பது ஆண்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியவருக்கும் இருபது நிமிடத்தில் மாட்டிக்கொண்டவளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லி, மூட்டுவாதம் உள்ள ஒருவரையே அழைத்து அதே மாத்திரை அட்டையை அவர் எப்படிப் பிரிக்கிறார் என்று காட்டச் சொன்னால்தான் பயிற்சி முழுமை பெறும். பெரும்பாலும் அவர் கத்தரிக்கோலையோ பல்லையோ வைத்து நொடியில் முடித்துவிடுவார்.

மார்க் போடும் முறையையும் தொட வேண்டும். பெட் பாத்துக்கு வேகத்துக்கும் ஒழுங்குக்கும் மார்க் இருக்கிறது; நோயாளி தானே முகத்தைக் கழுவிக்கொள்ள விட்டதற்கு மார்க் இல்லை. வலது கை வருகிறவருக்கு ஈரத்துணியைக் கையில் கொடுத்து முகம், கழுத்து, மார்புவரை அவரையே துடைக்கவிட்டால் பத்து நிமிடம் கூடும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காத வார்டில், நடந்து வந்தவர் இரண்டு வாரத்தில் ஊட்டிவிட வேண்டியவராக வீடு திரும்புகிறார். ஐவி (இரத்த நாளம் வழியாக மருந்து ஏற்றும் குழாய்) போடுவதிலும் அப்படியே. குழந்தைக்கு மஞ்சள் நிற 24 கேஜ் கானுலா (எண் கூடக்கூட மெலியும் ஊசிக்குழாய்) என்பதும், அதற்கென்று தனிக் கவனம் என்பதும் எல்லோருக்கும் தெரியும். முதியவரின் வெயின் (இரத்த நாளம்) வெளியே தடித்துத் தெரிவதால் சுலபம் என்று நினைத்து 18இல் குத்துகிறார்கள். தோலுக்கடியில் கொழுப்பு குறைந்ததால் வெயின் நழுவும், சுவர் மெலிந்திருப்பதால் வெடித்து நீலம்பாரிக்கும். நீல நிற 22 போதும்; டூர்னிக்கேயை (கையை இறுக்கும் பட்டையை) சட்டைக் கைமேல் தளர்வாகக் கட்ட வேண்டும், தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, ஊசியைச் சாய்த்து நுழைக்க வேண்டும். இதைத் தனித் திறமையாகச் சொல்லிக்கொடுத்து லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) தனிக் கையெழுத்து வாங்கவைத்தால், 'தாத்தாவுக்கு வெயின் போட்டேன்' என்று மாணவி பெருமையாகச் சொல்ல ஆரம்பிப்பாள். பச்சிளங்குழந்தைக்குப் போட்டதை இப்போது அப்படித்தான் சொல்கிறாள்.

மாற்றம் வந்ததா என்று பார்க்க மறுபடி கேஸ் ஷீட்டுக்கே போகலாம். எடை, வலி மதிப்பெண், கூப்பிட வேண்டிய பெயர் ஆகியவற்றோடு நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கண்ணாடி, காதுக் கருவி, பல் செட் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு. பல் செட்டை நோயாளியின் உறவினர் காகிதத்தில் சுற்றித் தலைமாட்டில் வைப்பார், காலைச் சாப்பாட்டு இலையோடு அது குப்பைக்குப் போகும். மூடியுள்ள டப்பாவில், தண்ணீரில், பெயரும் படுக்கை எண்ணும் எழுதிய பிளாஸ்டரோடு வைக்க வேண்டும். சாப்பாடு வருவதற்கு முன் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும். பல் இருந்தால் அவர் இட்லி கேட்பார், கஞ்சி வேண்டியிருக்காது.